சாரலுக்கு வந்த அண்ணாச்சி

எண்பதுகளில் தென்காசியில் ஒரு ரத்தப் பரிசோதனை லேப்பில் வேலை பார்த்தேன். நீளமான கண்ணாடிக் குழாயில் ரத்தத்தை நிறுத்தி, ஒரு மணி நேரத்தில் சிவப்பணுக்கள் எவ்வளவு கீழே இறங்குகின்றன என்று பார்ப்போம். நோய் முற்றியவர்களுக்குச் சரசரவென்று இறங்கிவிடும்.

இலத்தூர் அண்ணாச்சி ஒருவருக்கு வயிற்றில் புற்றுநோய், முற்றிய நிலை. அவர் ரத்தம் நூறு மில்லிமீட்டரைத் தாண்டி இறங்கியது. ரிப்போர்ட் வாங்க வந்த அவர் தம்பியிடம், பெரிய டாக்டரைப் போல, "குற்றாலச் சாரல் வரைக்கும் தாங்காது" என்று சொல்லிவிட்டேன். ஆவணியில் வைத்திருந்த அண்ணாச்சி மகள் கல்யாணத்தைப் பதறிப்போய்ச் சித்திரையிலேயே முடித்துவிட்டார்கள்.

ஆனி பிறந்து முதல் சாரல் விழுந்த அன்று, தோளில் ஈரத்துண்டோடு அண்ணாச்சியே மறுபடி ரத்தம் கொடுக்க வந்து நின்றார்.

"ஏலே, எனக்கு நாள் குறிச்சவன் நீதானா?"

எழுந்து நின்றேன். "தப்புதான் அண்ணாச்சி."

"என்னலே தப்பு? ஆவணில கல்யாணம்னா மருமவன் இப்பம் எங்கூட அருவில நிப்பானா? ரெண்டு பேரும் எண்ணெய் தேச்சுக் குளிச்சிட்டு நேரா இங்கனதான் வாரோம்."

அவர் சிரித்த சிரிப்பில் காத்திருந்தவர்களும் சிரித்துவிட்டார்கள். அன்றும் அவர் ரத்தம் அதே வேகத்தில்தான் இறங்கியது.

அடுத்த வருஷச் சாரலுக்கும் வந்தார். இன்னும் மெலிந்திருந்தார், ஆனால் கையில் பேரன்.

"இவனுக்கு எப்பம் கல்யாணம்னு உன் குழாயப் பாத்துச் சொல்லுலே!"

நான் ரத்தம் இறங்கிய அளவை மட்டும் எழுதிக் கொடுத்தேன். இத்தனை மாதம் தாங்கும் என்று சொல்கிற பழக்கத்தை, போன சாரலில் அவர் சிரித்த அன்றே விட்டுவிட்டேன்.