சித்தப்பாவுக்கு நெஞ்சுவலி என்றோம்

வலிப்பு வந்து சித்தப்பா விழுந்ததும் அப்பா அவருடைய விரல்களைப் பிரித்து ஜீப் சாவியை உள்ளே திணிப்பார். இரும்பைப் பிடித்தால் வலிப்பு நிற்கும் என்று எங்கள் வீட்டில் எல்லோரும் நம்பினோம். கொஞ்ச நேரத்தில் அது தானாகவே அடங்கும்; சாவிதான் அடக்கியது என்று நினைத்துக்கொள்வோம். சித்தப்பா அப்பாவின் ஒரே தம்பி. சாந்தன்பாறையிலிருந்து ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்பை ஓட்டிக்கொண்டிருந்தவர். முதல் வலிப்புக்குப் பிறகு அப்பா அவரை ஸ்டீயரிங் பக்கம் விடவில்லை. மலைப்பாதையில் தம்பிக்குத் தலை சுற்றுகிறது என்று ஊரில் சொல்லிவைத்தார். அதன்பின் சித்தப்பா, ஏலக்காய் உலர்த்தும் கட்டடத்தில் காய்களைத் தரம் பிரிக்கும் வேலைக்குப் போனார். அந்தக் கட்டடத்தை நாங்கள் ஸ்டோர் என்போம். மாலையில் வீட்டு வாசலில் உட்கார்ந்துகொண்டு, கீழே வளைவில் திரும்பும் ஜீப் யாருடையது என்று சத்தத்தை வைத்தே சொல்லுவார். ஓட்ட முடியாத வண்டிகளை இப்படிக் காதால் ஓட்டிக்கொண்டிருந்தார் என்று இப்போது தோன்றுகிறது.

வலிப்பு தெளிந்து கண் திறந்ததும் அவர் தண்ணீர் கேட்டதில்லை, வலிக்கிறது என்று சொன்னதில்லை. கேட்பது ஒன்றுதான்: "யாரும் பாத்தாங்களா?" "யாரும் பாக்கலடா" என்பார் அப்பா. கதவைச் சாத்தி, ரேடியோவைச் சத்தமாக வைத்து, அதை உண்மையாகவே ஆக்கிவிடுவோம். மூணாறிலோ போடியிலோ ஒரு டாக்டரைப் பார்த்திருக்கலாம். போனால் தெரிந்தவர்கள் கண்ணில் பட நேரும் என்பதால் போகவில்லை. எங்கள் குடும்பத்தின் மானம் அவருடைய உடம்புக்குள் ஒளிந்திருந்தது. அதைக் காவல் காப்பதிலேயே எல்லோரும் குறியாக இருந்தோம், அவரும்தான்.

நான் ஒன்பதாம் வகுப்புப் படித்தபோது மாதா கோயில் திருவிழாவுக்குப் போடியிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. அம்மா வழியில் தூரத்து உறவு. அவர்களுடைய பெண்ணைச் சித்தப்பாவுக்குப் பேசியிருந்தார்கள். தேர்ப் பவனி முடிந்து எல்லோரும் எங்கள் வீட்டிலேயே தங்கி, மறுநாள் நிச்சயத்துக்குத் தேதி குறிப்பதாக இருந்தது. அன்று சித்தப்பா வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். பவனியில் அந்தப் பெண் நடந்த வரிசைக்குப் பக்கத்திலேயே மெழுகுவர்த்தியோடு நடந்தார். இருவரும் ஏதோ பேசிக்கொண்டு போனதைப் பார்த்து என் அம்மா மற்ற பெண்களிடம் கண்ணைக் காட்டிச் சிரித்தது நினைவிருக்கிறது. சாப்பாடு முடிந்ததும் சித்தப்பா பாயைச் சுருட்டிக்கொண்டு ஸ்டோருக்குப் படுக்கப் போனார். வீடு நிறைய ஆள் இருந்ததால் போகிறார் என்று நினைத்தேன்.

காலையில் காய் கொட்ட வந்த பெண்கள்தான் அவரைப் பார்த்தார்கள். அப்பா ஓடினார். திரும்பி வந்தபோது அவருடைய வாயில் ஒரு சொல் தயாராக இருந்தது. "நெஞ்சுவலி" என்றார். கல்லறைத் தோட்டத்திலும் அதைத்தான் சொன்னோம். பள்ளிக்கூடத்திலும் நான் அதைத்தான் சொன்னேன். போடிக்காரர்கள் துக்கத்துக்கு இருந்துவிட்டுப் பேசாமல் இறங்கிப் போனார்கள். நோய் நொடி இல்லாத இளைஞன், அந்தப் பெண் எங்கள் வீட்டுக்குள் கால் வைத்த அன்றே போய்விட்டான். ஊருக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? அந்தப் பெண்ணுக்கு ராசியில்லை என்று எங்கள் தோட்டத்தில் பேசினார்கள். பேச்சு அவளுக்கு முன்பே மலையிறங்கிப் போடிக்குப் போய்விட்டது. எங்கள் வீட்டில் யாரும் அதை மறுக்கவில்லை. மறுக்க வேண்டுமானால் வலிப்பைச் சொல்ல வேண்டும்.

இப்போது நான் பாலக்காட்டில் ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கிறேன். வலிப்பு உள்ளவர்களில் சிலர் திடீரென்று ஏன் இறந்துபோகிறார்கள் என்பதை எலிகளை வைத்து ஆராய்கிறோம். பலத்த மணிச்சத்தம் கேட்டாலே வலிப்பு வந்துவிடும் எலி வகை ஒன்று உண்டு. வலிப்பு அடங்கும், எலி அமைதியாகப் படுத்திருப்பதுபோல இருக்கும். உண்மையில் மூச்சு நின்றிருக்கும். இதயம் மட்டும் இன்னும் சிறிது நேரம் துடித்துக்கொண்டிருக்கும். அந்த இடைவெளியில் சின்னக் குழாய் வழியே காற்றைச் செலுத்தினால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். சிலவற்றைப் பிழைக்கவைப்போம். சிலவற்றுக்கு எதுவும் செய்யாமல், சாவதைப் பார்த்துக் குறித்துக்கொள்வோம். அப்போதுதான் ஒப்பிட முடியும். காப்பாற்றத் தெரிந்த கையைக் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டு நிற்கும் அந்த வேளைகளில் எனக்குக் கூசும். அதை உடன் வேலை செய்பவர்களிடம் சொன்னதில்லை. சித்தப்பாவைப் பற்றியும் சொன்னதில்லை.

சென்ற வருடம் அப்பா கண் ஆபரேஷனுக்காகப் பாலக்காடு வந்து என்னோடு தங்கினார். கட்டுப் பிரித்த பிறகு ஒருநாள், "நீ அங்கன என்னதாம்மா செய்யிற?" என்று கேட்டார். கூட்டிப்போனேன். எலிகள் இருக்கும் இடத்துக்கு வெளியாட்களை விடமாட்டார்கள் என்பதால் என் அறையில் வீடியோவைக் காட்டினேன். வலிப்பு வந்தபோது அப்பா நாற்காலியின் கைப்பிடியைப் பற்றிக்கொண்டார். எலி அடங்கியதும், "நின்னுருச்சு, தெளிஞ்சிரும்" என்றார், வீட்டில் சொல்லும் அதே குரலில்.

"இல்லப்பா. மூச்சு நின்னுருச்சு."

அவர் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அடுத்த எலிக்குக் காற்று கொடுத்ததும் அதன் விலா மெல்ல அசைந்தது. "இதுக்குப் பக்கத்துல எப்பவும் ஆள் இருக்குமா?" என்று கேட்டார். ஆள் இருக்கும், இல்லாதபோது கேமரா இருக்கும் என்றேன். "எலிக்கு" என்றார்.

வீட்டுக்கு வந்து சாப்பாட்டைப் பிசைந்தபடியே உட்கார்ந்திருந்தவர் சொன்னார்: "நான்தாம்மா அவன ஸ்டோருக்குப் போகச் சொன்னேன். ராத்திரி வலிப்பு வந்து பொண்ணு வீட்டுக்காரங்க பாத்துட்டா என்ன செய்யன்னு. சரிண்ணேன்னு போயிட்டான். ஒரு வார்த்த எதுத்துப் பேசல." எனக்கு அது புதிய செய்தி. இத்தனை வருடம் அந்த நோயையே படித்தவள், அந்தப் பாய் ஏன் ஸ்டோருக்குப் போனது என்று கேட்கவே இல்லை. சோற்றிலிருந்து கையை எடுக்காமலே அப்பா, "அந்தப் பிள்ளையப் போயிப் பாக்கணும்" என்றார்.

விசாரித்ததில், சித்தப்பாவுக்குப் பேசியிருந்த அந்தப் பெண் போடியில் ஓர் அங்கன்வாடியில் சமையல் வேலையில் இருந்தார். கல்யாணம் ஆகவில்லை. அப்பாவை ஊருக்குக் கூட்டிப்போய் அங்கிருந்து கிளம்பினோம்; போடிமெட்டு வளைவுகளில் பஸ் இறங்கும்போது அப்பா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தார். நாங்கள் போனபோது மத்தியானச் சாப்பாடு முடிந்து பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவர் அப்பாவை உடனே அடையாளம் கண்டுகொண்டார். "வாங்கண்ணே" என்று முந்தானையில் கையைத் துடைத்தார். தலை பாதி நரைத்திருந்தது.

அப்பா உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். நெஞ்சுவலி இல்லை, வலிப்பு. தெரிந்தே மறைத்துப் பெண் பேசினோம். தனியே படுக்க அனுப்பியதும் தான்தான். அந்த அம்மாள் குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு, "வலிப்பு இருக்குன்னு எனக்குத் தெரியும்ண்ணே" என்றார். "தேரு கூட நடக்கையில அவரே சொன்னாரு. பொய் சொல்லிக் கட்ட மனசு வரல, வேண்டாம்னா இப்பவே சொல்லிருன்னாரு. எங்க மாமாவுக்கும் இருந்துச்சு, நான் பாத்துக்கிறேன்னு சொன்னேன். சிரிச்சாரு."

அப்பா சுவரில் சாய்ந்தார்.

"ஆனா அது ஆளக் கொல்லும்னு எனக்குத் தெரியாது. நெஞ்சுவலின்னு நீங்க சொன்னீங்க, நம்புனேன். வலிப்பு இருந்துச்சுன்னு நான் வாயத் தெறந்தா செத்த மனுசன் மானம் போகுமேன்னு யாருக்கிட்டயும் சொல்லல." என் பக்கம் திரும்பினார். "நீ படிச்ச பிள்ளன்னு கேக்குறேன். பக்கத்துல யாராச்சும் இருந்திருந்தா பொழச்சிருப்பாரா?"

எத்தனையோ கூட்டங்களில் இந்தக் கேள்விக்குக் கவனமாகப் பதில் சொல்லியிருக்கிறேன். எலியை வைத்து மனிதரைப் பற்றி உறுதியாகச் சொல்ல முடியாது என்பேன். அது உண்மைதான். ஆனால் அந்தச் சமையலறையில் அதற்குப் பின்னால் ஒளிந்துகொள்ள வெட்கமாக இருந்தது. "உறுதியாச் சொல்ல முடியாதுக்கா. பொழச்சிருக்கலாம். ஆள் இருந்தா பல பேரு பொழைக்கிறாங்க" என்றேன்.

அவர் தலையாட்டினார். அப்பா கை கூப்பி, "மன்னிச்சிரு தாயி" என்றார்.

"எனக்குச் சரிண்ணே. எங்கம்மா எம் பிள்ளைக்கு ராசியில்லன்னு அழுதே செத்துப்போச்சு. அதுக்கிட்ட யாரு போயிச் சொல்றது?"

அந்நேரம் பிள்ளையைக் கூட்டிப்போக ஓர் இளம்பெண் வந்தாள். அப்பா கை கூப்பி நிற்பதைப் பார்த்து, "யாருக்கா இவுக?" என்று கேட்டாள். அந்த அம்மாள் வாயைத் திறப்பதற்குள் அப்பா முந்திக்கொண்டார். "என் தம்பிக்கு இவுகளத்தான் பேசியிருந்தோம்மா. அவன் வலிப்புல செத்தான். நாங்க மறைச்சோம். பழி இவுக மேல விழுந்துச்சு." என் அப்பா அந்தச் சொல்லை வெளியாள் ஒருவரிடம் சொன்னது அதுதான் முதல்முறை. குரல் கிணற்றுக்குள் இருந்து வருவதுபோல இருந்தது. எனக்குத் தரையைத் தவிர வேறெங்கும் பார்க்க முடியவில்லை.

அந்த அம்மாள் குழந்தையின் செருப்பைத் தேடி எடுத்து மாட்டிவிட்டார். வார் சரியாக விழுந்ததா என்று பார்த்தார். நிமிராமலே சொன்னார்: "கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்கண்ணே. உள்ள டீச்சருக்கும் கேக்கட்டும்."

அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி முதலிலிருந்து சொன்னார்.