வெள்ளைப் புகைக்கு நாலு நிமிடம்

போன வியாழக்கிழமை காலை பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டு காண்ட்ராக்டர் லுங்கியோடு ஓடி வந்தார். "டாக்டர்! காரை ஸ்டார்ட் பண்ணா பின்னாடி வெள்ளையா பொகை வருதுங்க. என்ஜின் போச்சுங்களா?"

நான் மாட்டு டாக்டர். ஆனாலும் பழைய கார் வைத்திருப்பவனை எல்லாரும் பாதி மெக்கானிக் என்றே நினைக்கிறார்கள். வாயில் நுரையோடு ஓடினேன் — காரிடம் இல்லை, அவருடைய கார் ஷெட்டின் கதவிடம். இரண்டு பக்கமும் அகலத் திறந்து, கல்லை முட்டுக் கொடுத்த பிறகுதான் திரும்பினேன். காண்ட்ராக்டர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

பார்க்கட்டும். காரணம் தெரிந்தால் நீங்களும் அப்படித்தான் ஓடுவீர்கள்.

சில வருடங்களுக்கு முன் எனக்கு மாரண்டஹள்ளியில் வேலை. சுற்றுப்பட்டுக் கிராமங்களுக்கு பஸ்ஸை நம்பிப் போனால், நான் போய்ச் சேர்வதற்குள் பசு கன்று போட்டு, கன்று எழுந்து நின்றிருக்கும். அப்போது வாடகைக்குக் கிடைத்த வீட்டின் தகர ஷெட்டில் ஒரு பழைய கார் நின்றது. வீட்டுக்காரர் காய்கறி மண்டி வைத்திருந்தவர். முந்தைய மார்கழியில் இறந்துபோனார். காரையும் நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள் என்று அவர் மனைவி கொடுத்துவிட்டார். அடிமாட்டு விலை. இவ்வளவு மலிவாக வந்தால் ஏன் என்று கேட்க வேண்டாமா? நான் கேட்கவில்லை.

என் மனைவி சரோஜா கேட்டாள். குழாயடியில் அவளுக்கு முழு விவரமும் கிடைத்தது. மண்டிக்காரர் செத்ததே அந்த ஷெட்டுக்குள்தான்.

"கதவைச் சாத்திக்கிட்டு உள்ள இருந்தாராங்க. தொறந்து பாத்தா மூஞ்சி செக்கச்செவேல்னு, தூங்கறவரு மாதிரியே இருந்துச்சாம். முனி அறைஞ்சிடுச்சுன்னு சொல்றாங்க."

"முனிக்கு வேற வேலை இல்லையா?" என்றேன். படித்தவன் அல்லவா!

மார்கழி வந்தது. அந்தப் பக்கத்துக் குளிரைச் சொல்லி மாளாது. காலையில் காரை ஸ்டார்ட் செய்தால் பின்னாலிருந்து வெள்ளையாகப் புகை வந்தது. விட்டு விட்டு வந்தது. ஷெட் வாசலில் கொஞ்ச நேரம் நின்று யோசித்துவிட்டுத்தான் கலைந்தது. சரோஜா அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு மெதுவாகச் சொன்னாள்:

"அவரு மூச்சு வுடறாருங்க."

சிரித்தேன். ஆனால் அன்று முழுவதும் பின் சீட்டில் யாரோ இருப்பது போலவே இருந்தது என்பதை அவளிடம் சொல்லவில்லை.

மறுநாளிலிருந்து அவள் எழுந்ததும் முதல் வேலையாக ஷெட் கதவைத் திறந்து வைக்க ஆரம்பித்தாள். அவர் வெளியே போக வழி விடுகிறாளாம்! நான் செய்த கேலி கொஞ்சநஞ்சமல்ல. பத்து நாள் பொறுத்தவள், துணிமணியைப் பெட்டியில் அடுக்கிவிட்டாள். ஒன்று கார் இருக்க வேண்டும், இல்லை அவள் இருக்க வேண்டும். காரை விற்றால் என் பிழைப்பு போச்சு. விற்காவிட்டால் வீடு போச்சு.

பஸ் ஸ்டாண்டு பக்கம் பட்டறை வைத்திருந்த ரஷீத் பாயிடம் ஓடினேன்.

"வெள்ளைன்னா தண்ணிங்க. நீலம்னா ஆயிலு. கறுப்புன்னா பெட்ரோலு ஜாஸ்தி," என்றார் பாய். "பனியில உங்க மாடு மூச்சு வுட்டாலுந்தான் வெள்ளையா வருது! என்ஜின் சூடானா நின்னுடணும். நிக்கலைன்னா உள்ள தண்ணி எறங்குது, பிரிச்சுப் பாக்கணும். கொஞ்ச நேரம் ஓட வுட்டுப் பாருங்க."

அவ்வளவுதானே? மறுநாள் சரோஜா எழுவதற்கு முன்பே ஷெட்டுக்குப் போனேன். ஒரே காற்று. வருகிற புகையைக் காற்று அள்ளிக்கொண்டு போனால் எங்கே பார்ப்பது? கதவைச் சாத்தினேன். மூலையில் கிடந்த தக்காளிப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு, காருக்குப் பின்னால் உட்கார்ந்தேன். கையில் வாட்ச்.

வெள்ளைப் புகை கிளம்பியது. அடர்ந்தது. பிறகு மெலிந்தது. சரியாக நாலு நிமிடம்... சுத்தமாக நின்றுவிட்டது! வெறும் தண்ணீர்! எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. எதற்கும் என்ஜின் நன்றாகச் சூடாகட்டும் என்று இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்தேன்.

லேசாகத் தலை வலித்தது. வாட்சில் முள் இருந்தது. மணி என்ன என்று மட்டும் தெரியவில்லை. எழுந்திருக்கலாம் என்று நினைத்தேன். கால் கேட்கவில்லை. பக்கத்தில் யாரோ வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது. பயமே வரவில்லை — இன்றைக்கும் என்னை நடுங்க வைப்பது அதுதான். இதமாகத் தூக்கம் வந்தது. அவருக்கும் கொஞ்சம் இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தேன்.

அப்புறம் முகத்தில் தண்ணீர். முற்றத்தில் கிடக்கிறேன். தலை இரண்டாகப் பிளக்கிறது. சரோஜா அழுதுகொண்டிருந்தாள். வழக்கம்போல அவருக்கு வழி விடக் கதவைத் திறந்திருக்கிறாள். பெட்டியிலிருந்து சரிந்து கிடந்த என்னைக் காலைப் பிடித்து இழுத்து வந்திருக்கிறாள்.

"உங்க மூஞ்சிங்க... செக்கச்செவேல்னு..." முந்தானையால் என் முகத்தைத் திரும்பத் திரும்பத் துடைத்தாள்.

விஷயம் கேள்விப்பட்டு மதியம் ரஷீத் பாய் வந்தார். "கதவைச் சாத்திட்டா பாத்தீங்க?" என்றவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "அய்யோ... கண்ணுக்குத் தெரியற வெள்ளை ஒண்ணும் பண்ணாதுங்க. அதோட நெறமே இல்லாம ஒண்ணு வரும். அதுதாங்க ஆளை முடிச்சிடும். ஷெட்டைச் சாத்தக் கூடாதுன்னு நான் சொல்லலையே..."

பேசிக்கொண்டே ஷெட்டுக்குள் போனவர், கவிழ்ந்திருந்த பெட்டியைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

"டாக்டர்... அன்னிக்கு இந்தக் கதவை நெம்பித் தொறந்தது நாந்தாங்க. இதே பொட்டி மேலதான் உக்காந்திருந்தாரு. என்ஜின் அணைஞ்சு கெடந்ததால நானும் முனின்னே நெனச்சுட்டேன். மொத நாள் சாயங்காலம் என் பட்டறைக்கு வந்தாரு. வெள்ளையா பொகை வருதுன்னாரு..." பாய் கதவைப் பிடித்துக்கொண்டார். "அவருக்கும் இதையேதாங்க சொன்னேன். ஓட வுட்டுப் பாருங்கன்னு."

நாங்கள் மூன்று பேரும் அந்தப் பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றோம். ஒரு வருடமாக ஊர் முழுக்க முனியைத் திட்டிக்கொண்டிருந்தது. முனி பாவம்.

காண்ட்ராக்டரின் காரில் புகை ஐந்தாவது நிமிடம் நின்றுவிட்டது, என்ஜினுக்கு ஒன்றுமில்லை. எங்கள் வீட்டிலும் சரோஜா இன்றுவரை காலையில் ஷெட் கதவைத் திறந்துதான் வைக்கிறாள். யாருக்கு வழி விடுகிறாய் என்று இப்போதெல்லாம் நான் கேலி செய்வதில்லை.

அன்றைக்கு அந்த வழியாக வெளியே வந்தவன் நான்.