சவுரியம்மாள் விட்ட பட்டாணி

ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்பில் சுண்ணாம்புக் குழியில் வேலை செய்த இருதயராஜுக்கு ஒருமுறை கையில் சீழ் பிடித்து, பதினோரு நாள் காய்ச்சல் கண்டது. ஆள் தேறமாட்டான் என்று தெருவே முடிவு கட்டிவிட்டது. அவன் மனைவி சவுரியம்மாள் மட்டும் மாதா சுரூபத்தின் முன்னால் முழங்காலில் நின்று, "அவர உட்டுடு தாயே, நான் பட்டாணிய உட்டுடறேன்" என்று நேர்ந்துகொண்டாள்.

சிரிக்க வேண்டாம். எந்நேரமும் முந்தானையில் வறுத்த பட்டாணியை முடிந்துவைத்துக் கொறிக்கிறவள் அவள். விடுவதற்கு அவளிடம் வேறு என்னதான் இருந்தது?

இருதயராஜ் பிழைத்தான். இரண்டு வருஷம் கழித்து, மூன்றாவது பிள்ளை பெற்ற சவுரியம்மாள் வெளுத்துப்போனாள். குடத்தைத் தூக்கினால் மூச்சு வாங்கியது. கறிக்கும் முட்டைக்கும் வழியில்லை. கொள்ளும் பயறும் தின்ற கையோடு வாந்தியாகிவிடும். மிஷன் ஆஸ்பத்திரி டாக்டரம்மா அவள் கண்ணை இழுத்துப் பார்த்துவிட்டு இருதயராஜிடம் சொன்னார்: "ரத்தமே இல்லப்பா. தினம் பட்டாணி வேகவச்சுக் குடு. நல்ல சத்து, உடம்பு தேறும். இப்படியே விட்டா தாங்கமாட்டா."

பட்டாணியைக் கண்டதும் சவுரியம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "இது உன் உசுருய்யா. அத்தப் போயி தின்னச் சொல்றியா?"

பங்குச் சாமியாரே வந்து, வாக்கிலிருந்து விடுவிப்பதாகச் சொன்னார். "சாமி நல்லவருதான். நான் வாக்கு குடுத்தது அவருகிட்ட இல்லியே" என்றுவிட்டாள் மகராசி. இவளோடு யார் மல்லுக்கட்டுவது?

அதன் பிறகு தினமும் விடியலில் இருதயராஜே களி கிண்டினான். பக்கத்து வீட்டுப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். வாசனை தெரியாமலிருக்கப் பூண்டைத் தட்டிப்போட்டு, கேழ்வரகு மாவோடு அவன் பட்டாணி மாவையும் கலந்தது அவர்களுக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது. இருபதாம் நாள் அவள் உதட்டில் சிவப்பு எட்டிப் பார்த்தது. நிறைகுடத்தோடு மூச்சு வாங்காமல் வந்தாள். அவனுக்கு அழுகையே வந்துவிட்டது.

அந்த வாரமே தோல் சீவும் கத்தி அவன் கட்டைவிரலைப் பதம் பார்த்தது. கட்டுப்போடக் கந்தல் தேடிய சவுரியம்மாள், பானைக்குப் பின்னால் இருந்த துணிப்பையை இழுத்தாள். மாவு கொட்டியது. அந்த வாசனை அவளுக்கா தெரியாது?

"இன்னாய்யா பண்ணி வச்ச?"

"நீ பொழைக்கணும்னுதான் சவுரி."

அவன் விரலுக்குக் கட்டுப்போட்டுவிட்டு, மாதாவின் கோபம் தணியட்டும் என்று மூன்று நாள் வெறும் தண்ணீரோடு கிடந்தாள். அவன் அவள் காலைப் பிடித்துக் கெஞ்சியும் பருக்கை உள்ளே போகவில்லை.

நாலாம் நாள் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்து, அவன் விரலை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். காயம் சீழ் பிடிக்காமல் ஆறிக்கொண்டிருந்தது. அவள் முகம் மலர்ந்தது.

"பாத்தியா? மாதா மன்னிச்சிட்டா."

அவள் உதடு மறுபடியும் வெளுத்திருந்தது.  இருதயராஜ் உயிரோடு இருக்கும்வரை அவள் பட்டாணியைத் தொடமாட்டாள்.