மகளின் அறைக்கு ஒரு பல்ப்

கட்டுகஸ்தோட்டைப் பக்கம் நாங்கள் குடியிருக்கும் வீட்டில் ஒரு சின்ன அறை வெகுகாலம் சாமான் போடும் இடமாகக் கிடந்தது. மகளுக்கு ஏழு வயதானதும் அதைத் துப்புரவாக்கி, பெயின்ட் அடித்து, அவளுக்கென்று கட்டிலும் அலுமாரியும் போட்டுக் கொடுத்தோம். பகல் முழுவதும் அந்த அறையே கதி என்று இருந்தாள். படுக்கப் போகும்போதுதான் சிக்கல். ஜன்னலுக்குப் பின்னால் மேட்டு நிலமும் பலா மரமும். லைட்டை நிறுத்தினால் தன் கை தனக்குத் தெரியாது. "சின்ன லைட் ஒண்ணு போடுங்கம்மா, பயமா இருக்கு" என்றாள். அவள் கேட்டது அவ்வளவுதான்.

நான் பேசாமல் ஒன்றை வாங்கி மாட்டியிருக்கலாம். போயும் போயும் என் கணவரிடம் யோசனை கேட்டேன்.

"வெளிச்சத்துல தூங்கினா புள்ளைக்குக் கண்ணு கெட்டுப் போகும்" என்றார். யார் சொன்னது என்றால் போனைக் காட்டினார். அதில் கோட்டுப் போட்ட ஒருவர் பேசிக்கொண்டிருந்தார். நீல வெளிச்சம் ஆகாதாம், வெள்ளை அதைவிட ஆகாதாம், கும்மிருட்டில் தூங்கினால்தான் பிள்ளைகள் வளருமாம். இதை எனக்குப் போட்டுக் காட்டிய மனுஷர், ஹோலில் டிவி அலற அலற வாயைப் பிளந்துகொண்டு தூங்குகிறவர். அதைச் சொன்னால், "நான்தான் வளந்து முடிஞ்சிட்டேனே" என்கிறார். இவரோடு என்ன பேசுவது?

சனிக்கிழமை பஸ் ஏறி அக்குறணைக் கடைத்தெருவுக்குப் போனேன். "எங்கட புள்ளயளும் இதப் போட்டுத்தான் உறங்குற, தங்கச்சி" என்று கடைக்காரர் நிலா மாதிரி ஒரு விளக்கை எடுத்துத் தந்தார். அழகாகத்தான் இருந்தது. வீட்டில் செருகிய பிறகுதான் அதன் குணம் தெரிந்தது. பச்சையாகும், நீலமாகும், சிவப்பாகும், மறுபடி பச்சையாகும். ஒரே நிறத்தில் நிறுத்த அதில் வழியே இல்லை. மறுநாள் காலை மகள் கண் சிவந்து எழுந்து வந்தாள்.

"அடுத்து என்னா கலர் வரும்னு பாத்துக்கிட்டே இருந்தேம்மா."

கணவர் தேநீர்க் கோப்பையைக் கையில் பிடித்தபடி என்னைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்து எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இதற்கிடையில் புசல்லாவையிலிருந்து அவருடைய அக்கா வந்து இறங்கினார். என் மதினி நல்ல மனுஷிதான். உங்கள் வீட்டு விஷயத்தில் நான் தலையிட மாட்டேன் என்று சொல்லிவிட்டுத்தான் தலையிடவே தொடங்குவார். பிள்ளை தூங்குவதில்லை என்று கேள்விப்பட்டதும் அறையை ஒரு சுற்றுப் பார்த்தார்.

"சாமி இல்லாத ரூம்புல புள்ளையத் தனியா படுக்கப் போட்டா பயப்படாம என்னா செய்யும்? முருகன் படம் ஒண்ண மாட்டி, செவப்பு பல்ப் போடு தம்பி."

சாமி படத்துக்கு முன்னால் எங்கள் வீடுகளில் இரவும் பகலும் எரியுமே, அந்தக் குட்டிச் சிவப்பு பல்ப். கணவர் மறுபேச்சுப் பேசாமல் சுத்தியலும் ஆணியும் எடுத்து வந்தார். "இப்ப புள்ளைக்குக் கண்ணு கெட்டுப் போகாதா?" என்று கேட்டேன். "அது சாமி பல்ப். அது வேற" என்றார். நான் கேட்டால் கண் கெடும், அக்கா கேட்டால் புண்ணியம் வரும்!

அதோடு முடிந்ததா? கட்டிலைத் திருப்ப வேண்டும் என்றார் மதினி. சாமியை நோக்கிக் கால் இருக்கக் கூடாது, வடக்கே தலை வைக்கவும் கூடாது. அந்தப் புறாக்கூட்டு அறையில் நாங்கள் கட்டிலை இழுத்து, அலுமாரியை நகர்த்தி, கதவு பாதிதான் திறக்கும் என்ற நிலைக்கு வந்த பிறகு ஒருவழியாக மதினி ஒத்துக்கொண்டார். பக்கச் சுவரில் முருகன், அவர் எதிரில் கட்டில். மகளுக்குத் திருநீறு பூசி, "சாமி பக்கம் கால நீட்டாத, முதுகக் காட்டிப் படுக்காத. சாமி ஒன்னையவே பாத்துக்கிட்டு இருக்கும், பயமில்லாம தூங்கு" என்று சொல்லிவிட்டு ஊருக்குப் போனார்.

அதற்குப் பிறகு ராத்திரியில் பயம் என்று மகள் என்னைக் கூப்பிடவே இல்லை. மதினி போனில் "பாத்தியா புள்ள?" என்றார். பார்த்தேன் என்றேன். தோற்றுப்போனாலும் பிள்ளை தூங்குகிறாளே என்று எனக்கும் நிம்மதிதான்.

ஆனால் காலையில் கழுத்தைத் திருப்ப முடியாமல் எழுந்து வரத் தொடங்கினாள். தலையணையை மாற்றினோம். தைலம் தேய்த்தோம். பிள்ளை வகுப்பில் மேசையில் தலை வைத்துத் தூங்குகிறாள் என்று டீச்சர் சொல்லி அனுப்பினார். கணவர் மறுபடி போனில் தேடினார். இந்த முறை குற்றவாளி மெத்தை.

பௌர்ணமிப் போயா விடுமுறையன்று பகலில் என் கட்டிலில் ஏறி அவள் தூங்கிப்போனாள். கை ஒரு பக்கம், கால் ஒரு பக்கம், தலை கட்டிலுக்கு வெளியே. எழுந்ததும் கேட்டேன், "ஒன் ரூம்புலயும் இப்பிடிப் படுத்தா கழுத்து வலிக்காதுல்ல?"

"அங்க எப்பிடிம்மா? சாமி பாத்துக்கிட்டே இருக்கே. தூக்கத்துல கால் அந்தப் பக்கம் போயிட்டா?"

அதற்காகப் போர்வையின் ஓரத்தை மெத்தைக்குக் கீழே இறுக்கிச் செருகி, கால் அசையாதபடி செய்துகொண்டு, முகத்தை மட்டும் முருகன் பக்கம் திருப்பி வைத்திருக்கிறாள். தூக்கம் வந்தால் முதுகு திரும்பிவிடும் என்று விழித்தே கிடந்திருக்கிறாள். காலையில் போர்வை கலையாமல் இருப்பதைப் பார்த்து, என் மகளுக்கு ஒழுங்கு வந்துவிட்டது என்று நான் மெச்சிக்கொண்டிருந்தேன். பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதை என்பார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

படத்தை எடுத்து ஹோலில் மாட்டுங்கள் என்றேன். "மாட்டின சாமிய சும்மா எடுக்கக் கூடாது, அக்காவ ஒரு வார்த்த கேட்டுக்கிறேன்" என்றார் கணவர். அக்கா, வெள்ளிக்கிழமை மட்டும் எடுக்கக் கூடாது என்றாராம். அன்று வெள்ளிக்கிழமை.

நானே கதிரையைப் போட்டு ஏறினேன். ஆணியோடு பிடுங்கினேன். முருகனையும் பல்பையும் ஹோலில் மற்ற சாமி படங்களோடு வைத்துக் கும்பிட்டேன். எங்கள் வீட்டு ஆட்களைவிட அவருக்குப் பொறுமை அதிகம், கோபித்துக்கொள்ள மாட்டார். கண்டியில் ஒரு கடையில் நிறம் மாறாத மஞ்சள் விளக்கு ஒன்றையும் வாங்கி வந்தேன். இந்த முறை எவரிடமும் யோசனை கேட்கவில்லை.

படுக்கப் போகும்போது அதைச் செருகினேன். அறை இதமாக இருந்தது. ஆரம்பத்தில் அவள் கேட்டது இதைத்தான். மகள் கட்டிலில் உட்கார்ந்து வெறுஞ்சுவரைப் பார்த்தாள், பிறகு கதவைப் பார்த்தாள்.

"லைட்ட நிப்பாட்டிருங்கம்மா."

"ஏன், இருட்டு பயமில்லையா?"

"பயந்தான்" என்றாள். "ஆனா லைட் இருந்தா ஹோல்ல இருந்து சாமிக்கு என் காலு தெரியும். கதவையும் நல்லா சாத்திட்டுப் போங்க."