நாற்பது எலுமிச்சம்பழம்

பயாவ் ஊர்ச் சந்தையில் கன்லயாவின் தலையைக் கண்டாலே பன்றிக்கறி விற்கும் பெண்களுக்கு முகம் சுருங்கிவிடும். தோளில் ஐஸ் பெட்டியோடு கடை கடையாக நின்று கைப்பிடி கறி வாங்குவாள். சமைப்பதற்கு அல்ல. பல்கலைக்கழக ஆய்வகத்துக்குக் கொண்டுபோய் நிறத்தையும் ஈரத்தையும் அளந்து, அதில் எத்தனை கிருமி குடியிருக்கிறது என்று எண்ணுவதற்கு. பன்னிரண்டு வருஷமாக இதுதான் அவள் பிழைப்பு.

"வந்துட்டாடீ, கறியில பேன் பாக்குறவ" என்பார்கள். அவளும் சேர்ந்து சிரித்துவிட்டுப் போவாள். வேறென்ன செய்ய?

அந்தப் பக்கத்தில் விசேஷம் என்றால் ஆண்கள் வட்டமாக உட்கார்ந்து பன்றிக்கறியைக் கொத்தி, ரத்தமும் மசாலாவும் சேர்த்துப் பிசைந்து, பச்சையாகவே சாப்பிடுவார்கள். அதுதான் லாப். வறுத்த லாப் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும். வறுத்ததைக் கேட்ட ஆண்பிள்ளை ஒரு மாசம் தலைநிமிர்ந்து நடக்க முடியாது. இதில் பெரிய கூத்து, ஊரிலேயே லாப் போடுவதில் கைதேர்ந்தவன் கன்லயாவின் சொந்த அண்ணன் கம்பான்.

போன மழைக்காலத்தில் ஊர்க்கூட்டத்தில் அவளைப் பேசச் சொன்னார்கள். பன்றியிடமிருந்து வரும் ஒரு கிருமியைப் பற்றிச் சொன்னாள். அது மூளையில் ஏறினால் காய்ச்சல் வரும், காது போகும், உயிரும் போகலாம்; கறியை வேகவைத்தால் செத்துவிடும் என்றாள். எல்லோரும் தலையாட்டினார்கள். அப்போது கம்பான் எழுந்து கேட்டான்.

"எலுமிச்சம்பழம் பிழியறோமே, அதுக்குச் சாகாதா?"

சாகாது என்று ஒரே வார்த்தையில் முடித்திருக்கலாம். பாழாய்ப்போன ஆராய்ச்சிப் புத்தி விடவில்லை. அவள் அளந்து பார்த்த உண்மை வேறு.

"புளிப்புல கொஞ்சம் குறையும். ஆனா..."

அந்த 'ஆனா'வுக்குப் பிறகு யார் காதிலும் எதுவும் விழவில்லை. கூட்டம் கைதட்டிக் கலைந்துவிட்டது.

மூன்று மாசம் கழித்துக் கம்பான் புதுவீடு கட்டிக் குடிபோனான். சனிக்கிழமை மத்தியானம் இருபது ஆண்கள் லாப்புக்காகக் காத்திருந்தார்கள். கன்லயா அடுப்பில் வாணலியை ஏற்றிவிட்டு அண்ணனிடம் போனாள்.

"அண்ணே, அஞ்சே நிமிஷம் வறுத்துடேன். எனக்காக."

"உனக்காகத்தான் நாப்பது பழம் பிழிஞ்சிருக்கேன். எப்பவும் பத்துதான் போடுவேன். இங்க பாரு."

விரல்களை நீட்டினான். கத்தி கீறின இடமெல்லாம் சாறு பட்டு வெளுத்திருந்தது. எரிச்சலைப் பொறுத்துக்கொண்டு பிழிந்திருக்கிறான்.

"பழம் பத்தாதுண்ணே."

"புதுவீட்டுல வந்தவங்க முன்னாடி என் மானத்த வாங்காத தங்கச்சி. போ, பொம்பளைங்களுக்கு வறுத்துக் குடு."

சுற்றியிருந்தவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். கன்லயா அவன் தட்டிலிருந்து ஒரு சிட்டிகையை எடுத்து, பையில் இருந்த புட்டியில் போட்டு மூடினாள். அவளுக்குத் தெரிந்ததெல்லாம் அதுதான்.

எவ்வளவு தவித்தாலும் கிருமி அதன் நேரத்தில்தான் வளரும். திங்கட்கிழமை மத்தியானம் ஆய்வகத்தில் கண்ணாடித் தட்டில் சாம்பல் நிறப் புள்ளிகள் தெரிந்தன. சோதனை செய்து பார்த்தாள். அதே கிருமி. அண்ணனுக்குப் போன் போட்டாள். அண்ணி எடுத்தாள்.

"நேத்துலருந்து அனலாக் கொதிக்குதும்மா. கழுத்தத் திருப்ப முடியலங்கறாரு. விருந்து அலுப்புன்னு படுக்க வெச்சிருக்கேன்."

"அலுப்பு இல்ல அண்ணி! உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போங்க!"

மருந்து ஏற்றினார்கள். ஒன்பது நாளில் ஆள் பிழைத்துக்கொண்டான். இரண்டு காதும் போய்விட்டது. இனிமேல் திரும்பாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். தன் கையில் வளர்ந்த முடிவு இரண்டு நாள் முன்னால் வந்திருக்கக் கூடாதா என்று கன்லயா மருகினாள். வந்திருந்தாலும் யார் கேட்டிருப்பார்கள் என்றும் நினைத்தாள்.

ஆஸ்பத்திரிக்குப் பார்க்க வந்த பக்கத்து வீட்டுக்காரர் இந்தா அவளுக்கு ஆறுதல் சொன்னார்.

"இருவது பேரும் அதத்தான் தின்னோம். எங்களுக்கெல்லாம் ஒண்ணும் ஆகலியே. அவனுக்கு நேரம் சரியில்ல, நீ என்ன பண்ணுவ?"

பன்னிரண்டு வருஷக் கணக்கு முழுக்க இதற்குப் பதில் இருந்தது. அவள் அண்ணனின் போர்வையை இழுத்துவிட்டாள்.

கம்பான் கண்விழித்துத் தங்கையைப் பார்த்தான். முகம் மலர்ந்தது. தன் குரல் தனக்கே கேட்காததால் வார்டே திரும்பிப் பார்க்கும்படி கத்தினான்.

"நீ சொன்ன மாதிரிதானே செஞ்சேன்! நாப்பது பழம் பிழிஞ்சேனே! இன்னும் எத்தன பிழிஞ்சிருக்கணும்?"

அன்றைக்குக் கூட்டத்தில் பாதியில் நின்றுபோனதை இப்போது கன்லயா முழுசாகச் சொன்னாள். சத்தமாக, ஒரு வார்த்தை விடாமல், அழுதுகொண்டே சொன்னாள். அவன் அவள் வாயையே பார்த்தபடி நல்ல பிள்ளையாகத் தலையாட்டிக்கொண்டிருந்தான்.