ஒன்பது நாள் நேர்கோடு

முதலில் மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன். என் கையெழுத்து சாக்கு மூட்டையில் பெயர் எழுதிப் பழகியது. நாலு சொல்லுக்கு மேல் போனால் வரி கீழே சரிந்துவிடும். ஐந்தாம் வகுப்போடு நான் பள்ளிக்கூடத்தை விட்டேன். இரண்டு பக்கமும் பெரிய வருத்தம் இருக்கவில்லை. எழுத்துப்பிழைகளைத் திருத்த எங்கள் சனசமூக நிலையத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் இரண்டு பேர் இருக்கிறார்கள். அவர்களுக்கும் பொழுது போகவேண்டும்தானே.

நிலையத்தின் கையெழுத்துச் சஞ்சிகைக்குத்தான் இதைக் கேட்டார்கள். அச்சடிக்கத் தாளும் இல்லை, மையும் இல்லை என்பதால் ஒரே ஒரு பிரதி. அதையும் யாரும் கொண்டுபோகாமல் மேசைக் காலோடு நூலில் கட்டி வைப்பார்கள். தலைப்பு, "தொழிலில் நான் கற்றது". நான் கற்றதை மேசையோடு கட்டி வைப்பது நல்லதுதான்.

நான் வெங்காய வியாபாரி. வாய் திறக்காத வியாபாரி. யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையில் தராசு பிடிப்பது என் வேலை, கதைப்பது மச்சானின் வேலை. மச்சான் என்றால் மனைவியின் தம்பி. அவன் கதைத்துக் கதைத்தே வெங்காயம் வாங்கி ஏற்ற வரும் லொறிக்காரரைக் களைக்கச் செய்துவிடுவான். எண்பத்துமூன்று கலவரத்துக்குப் பிறகு ஊரில் பாதிப்பேர் போன வழியில் அவனும் ஜேர்மனிக்குப் போனான். தராசை விட்டுவிட்டு வாயைக் கொண்டுபோய்விட்டான். அதற்குப் பிறகு யாராவது என்ன விலை என்று கேட்டால் நான் தராசைப் பார்ப்பேன். அது பதில் சொல்வதில்லை. மற்றக் கடைக்காரரிடம் போய் இன்றைக்கு என்ன விலை போகிறது என்று கேட்கவும் எனக்குக் கூச்சம். கறுத்த மட்டைப் பலகையில் யாராவது எழுதி வைத்தால் தூர நின்று பார்த்துவிட்டு வருவேன்.

இந்த நிலையில்தான் எங்கள் வீட்டு முன்னறையில் வாடகைக்கு இருந்து பல்கலைக்கழகத்தில் படித்த கம்பஸ் பொடியன் என்னைக் காப்பாற்ற வந்தான். வல்வெட்டித்துறைக்காரன். மாமன் கப்பலில் வேலை. மாமன் சிங்கப்பூரில் இருந்து கொண்டுவந்து கொடுத்த ஆங்கிலப் புத்தகம் ஒன்றை வைத்துக்கொண்டு, உலகத்தில் எந்தப் பொருளின் விலையையும் ஒரு தாளில் கோடு கீறிக் கண்டுபிடிக்கலாம் என்றான்.

"அண்ணை, ஒருத்தரிட்டையும் ஒண்டும் கேக்கத் தேவையில்லை. மழையோ, லொறி வரேல்லையோ, சண்டையோ, எல்லாம் விலைக்குள்ளை வந்திடும். விலையை மட்டும் பாருங்கோ. அது எல்லாத்தையும் சொல்லும்."

ஒருத்தரிடமும் ஒன்றும் கேட்கத் தேவையில்லை. நாற்பது வயதுவரை இந்த வசனத்தை யாராவது சொல்லமாட்டார்களா என்று காத்திருந்தவன் நான். அன்றைக்கே கடைக்குப் போய் வரைபுத்தாள் வாங்கினேன். கடைக்காரர் பிள்ளை எந்த வகுப்பு என்று கேட்டார். தலையாட்டிவிட்டு வந்தேன்.

படிப்பு இரண்டு மாதம் நடந்தது. கிடையாக நாள், நெடுக்காக விலை. ஒவ்வொரு நாளும் பின்னேரம் ஒரு புள்ளி. புள்ளிகளை இணைத்தால் கோடு. விலை விழுந்து விழுந்து ஓரிடத்தில் தட்டி எழும்பினால் அந்த இடத்துக்கு ஆதரவுக் கோடு என்று பெயர். ஏறி ஏறி முட்டித் திரும்பினால் தடைக் கோடு. நடுவில் ஒரு மேடும் இரண்டு பக்கத்திலும் சின்ன மேடும் வந்தால் தலையும் தோளும். ஒருநாள் பொடியன் என் தாளில் தலையும் தோளும் கண்டுபிடித்து, புத்தகத்தை என் முகத்துக்கு முன்னால் பிடித்துக் காட்டினான். கிலோ ஏழு ரூபா விற்கும் வெங்காயத்துக்குத் தோள் இருந்தது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

என் மனைவிக்கு இதில் பெரிய மதிப்பில்லை. அவளுக்குக் கோப்பாயில் நாலு பரப்பு, அதாவது கால் ஏக்கர், சீதனக் காணி. செம்மண். ஒவ்வொரு மாரிக்கும் அதில் வெங்காயம் நடுவாள். நடுவதற்கான விதை வெங்காயத்தைப் போன போகத்திலேயே பார்த்துத் தெரிந்தெடுத்து, பிடிபிடியாகக் கட்டி, வீட்டுக்குப் பின்னால் இருந்த கொட்டிலில் தடிகளில் தொங்கவிடுவாள். அதை நாங்கள் சமைப்பதில்லை, விற்பதில்லை. அது இல்லையென்றால் அந்தப் போகம் தோட்டம் இல்லை.

"உந்தக் கோட்டிலை வெங்காயம் முளைக்கிறதும் தெரியுமோ?" என்று ஒருநாள் கேட்டாள்.

"விலைதான் தெரியும்," என்றேன்.

"அப்ப உதைத் தண்ணி படாமல் வையுங்கோ."

அது எண்பத்தைந்தோ எண்பத்தாறோ, புரட்டாதி மாதம். பொடியன் ஊருக்குப் போன அடுத்த நாள் ஊரடங்கு போட்டார்கள். ஒன்பது நாள். சந்தை பூட்டு. முதல் நாள் பின்னேரம் நான் பென்சிலைத் தீட்டிக்கொண்டு தாளுக்கு முன்னால் இருந்தேன். போட விலை இல்லை. கட்டம் வெறுமையாகக் கிடந்தது. இரண்டு மாதமாக ஒரு நாள் தவறாமல் வைத்த புள்ளிகளுக்குப் பக்கத்தில் அந்த வெற்றிடம் முன்பல் விழுந்த வாய் மாதிரி இருந்தது. கடைசியாகப் போன விலை ஏழு. ஆகவே ஏழிலேயே ஒரு புள்ளி வைத்தேன். அடுத்த நாளும் ஏழு. அதற்கு அடுத்த நாளும். சந்தை பூட்டியிருக்கும்போது விலை எங்கே போகப்போகிறது என்பது என் எண்ணம். ஒன்பது நாளும் ஏழு. அடிமட்டம் வைத்துக் கீறியதுபோல அழகான நேர்கோடு.

அந்த ஒன்பது நாளும் பின்வேலிக்குப் பக்கத்தில் எங்கள் ஒழுங்கையில் இருக்கும் வீடுகளின் பெண்கள் கதைப்பது எனக்குக் கேட்டது. பெண்கள் கதைப்பது எப்போதும் கேட்பதுதானே. நான் முன்னறையில் இருந்து கோடு கீறினேன்.

ஊரடங்கு எடுத்த அன்று காலை முதல் பஸ்ஸிலேயே பொடியன் வந்தான். பையை வைக்க முன்னமே தாளைப் பார்த்தான்.

"ஊரடங்குக்கையும் விலை எடுத்தனியளோ அண்ணை?"

இல்லை என்று சொன்னால் விளக்கம் சொல்லவேண்டும். விளக்கம் சொல்வது எனக்குக் கஷ்டம். தலையாட்டுவது சுகம். தலையாட்டினேன்.

"நீங்கள் பெரிய ஆள். பாருங்கோ, ஒன்பது நாள் ஏழிலை நிண்டு பிடிச்சிருக்கு. உதுதான் ஆதரவு. இரும்பு மாதிரி. இது உடைஞ்சால் மட்டும் கவனம்."

பகல் சந்தைக்குப் போனேன். பலகையில் நாலரை ரூபா என்று எழுதியிருந்தது. வீட்டுக்கு ஓடி வந்து புள்ளியை வைத்தேன். நேர்கோடு கிணற்றுக்குள் விழுந்தது. பொடியன் அடிமட்டத்தை எடுத்து அளந்தான், புத்தகத்தைப் புரட்டினான்.

"ஆதரவு உடைஞ்சு போச்சு அண்ணை. இனி இரண்டுக்குப் போகும். கையிலை கிடக்கிற முழுக்க இண்டைக்கே வித்துப்போடுங்கோ. ஒரு மாதத்திலை பாதி விலைக்குத் திருப்பி வாங்கலாம்."

கையில் என்ன கிடக்கிறது? கொட்டிலில் தொங்கியது மட்டும்தான். மனைவி அன்று விடியவே கோப்பாய்க்குப் போயிருந்தாள், மண்ணைப் பார்க்க. இன்று விற்று, நடுகைக்கு முன்னம் அரைவிலைக்கு வாங்கித் திரும்பத் தொங்கவிட்டால் அவளுக்கு ஒன்றும் தெரியவராது என்று எனக்குத் தோன்றியது. தடிகளில் இருந்து பிடிகளை நானே இறக்கினேன். பொடியன் எண்ணிக் கொடுத்தான். சந்தையில் லொறிக்காரர் ஒரு பிடியைத் தூக்கி, வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது விதை வெங்காயமெல்லே. ஏன் ஐசே விக்கிறீர்?"

நான் தராசைப் பார்த்தேன்.

"வீட்டிலை ஏதும் கரைச்சலோ?"

தலையாட்டினேன். அவர் பரிதாபப்பட்டுப் பேரம் பேசாமல் நாலரைக்கே எடுத்தார். என் தொழில் வாழ்க்கையில் பேரம் பேசாமல் விற்ற ஒரே நாள் அதுதான்.

மனைவி பின்னேரம் வந்து, சைக்கிளைக் கொட்டிலில் சாத்தும்போது மேலே பார்த்தாள். முன்னறைக்கு வந்து கதவு நிலையில் சாய்ந்துகொண்டாள்.

"எங்கை?"

நான் தாளைக் காட்டினேன். பொடியன் எழும்பி நின்று, ஆதரவு உடைந்த கதையை அவளுக்கு விளக்கினான். அவள் கடைசிவரை கேட்டாள்.

"தம்பி, இந்த நேர்கோடு என்ன?"

"ஊரடங்குக்கை போன விலை அக்கா. ஏழு."

"ஆர் சொன்னது ஏழு எண்டு? ஒழுங்கை முழுக்க வேலிக்கு மேலாலை மூண்டு ரூபாக்குக் குடுத்தவையள். சந்தைக்குக் கொண்டுபோகேலாமல் அழுகப்போகுது எண்டு. நானும் உதிரி வெங்காயம் பத்துக் கிலோ மூண்டுக்குத்தான் குடுத்தனான். இண்டைக்கு நாலரை எண்டால் அது விழேல்லை. ஏறுது."

பொடியன் என்னைப் பார்த்தான். நான் வரைபுத்தாளைப் பார்த்தேன். அதுவும் தராசு மாதிரித்தான், பதில் சொல்வதில்லை.

"அண்ணை, நீங்கள் ஒருத்தரிட்டையும் கேக்கேல்லையோ?"

கேட்கத் தேவையில்லை என்று சொன்னவன் கேட்ட கேள்வி அது.

"என்னட்டைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பன்," என்றாள் மனைவி. "நான் இஞ்சை பின்னுக்குத்தானே நிண்டனான்."

அதற்குப் பிறகு விலை அவள் சொன்ன வழியிலேயே போனது. ஐந்தரை, ஏழு, ஒன்பது. ஒன்பதில் பொடியன் இது சின்ன எதிர்வீச்சு, திரும்பி விழும் என்றான். பதினொன்றில் அவனுக்குப் பரீட்சை வந்துவிட்டது. பிழை முறையில் இல்லை, தரவில்தான் என்று போகும்போது சொல்லிவிட்டுப் போனான். அது உண்மைதான். இப்போது லண்டனில் பெரிய கட்டடம் ஒன்றில் இருந்து கோடு பார்க்கிறானாம். அங்கே பின்வேலி இல்லையென்று நினைக்கிறேன்.

நடுகைக்குப் பத்து நாள் இருந்தது. மண் கொத்தி, பாத்தி கட்டி, தோட்டம் வாயைத் திறந்துகொண்டு கிடந்தது.

"வித்தது நீங்கள்," என்றாள் மனைவி. "கொண்டாறதும் நீங்கள். நான் ஒருத்தற்றை படலைக்கும் போகமாட்டன்."

சைக்கிளை எடுத்துக்கொண்டு கோப்பாய்ப் பக்கம் போனேன். முதல் வீட்டு வாசல் படலையில் நிறைய நேரம் நின்றேன். நாய் குரைத்துக் களைத்துப் படுத்துவிட்டது. தோட்டக்காரர் வெளியே வந்தார்.

"என்ன வேணும்?"

தராசு கொண்டுவரவில்லை. பார்க்க ஒன்றும் இருக்கவில்லை. "விதை வெங்காயம் கிடக்கோ? என்ன விலை?" என்றேன். என் குரல் எனக்கே வேறு யாரோ பேசுவதுபோல் கேட்டது.

"பன்னிரண்டு. நீங்கள் திருநெல்வேலியிலை தராசு பிடிக்கிற ஆளெல்லே? யாவாரியிட்டை ஏன் விதை இல்லாமல் போனது?"

சொன்னேன். தாள், புள்ளி, ஒன்பது நாள், நேர்கோடு, நாலரை. தோளைச் சொன்னபோது அவர் சிரிக்கத் தொடங்கினார். மனைவியைக் கூப்பிட்டு, "இஞ்சை வந்து இதைக் கேள், முதலிலையிருந்து சொல்லுங்கோ," என்றார். முதலில் இருந்து சொன்னேன். கிலோ பத்து ரூபாப்படி ஒரு பரப்புக்குப் போதுமான விதை தந்தார். அடுத்த படலையில் அதையே சொன்னேன். அங்கே ஒன்பதரைப்படி இன்னொரு பரப்புக்கு. மூன்றாவது வீட்டில் நான் போக முன்னமே கதை போயிருந்தது. தேத்தண்ணி தந்து, "கோட்டைக் கீறிக் காட்டுங்கோ," என்று கேட்டார்கள். நிலத்தில் குச்சியால் கீறிக் காட்டினேன். அங்கேயும் ஒரு பரப்புக்குக் கிடைத்தது. நாலாவது வீட்டுக்காரர் சிரிக்கவுமில்லை, விதை தரவுமில்லை.

மூன்று பரப்பு நட்டோம். நாலாவது பரப்பு அந்த மாரி முழுக்கச் செம்மண்ணாகவே கிடந்தது. அதில் மரக்கறி ஏதாவது போடலாம் என்று நான் சொன்னேன். மனைவி விடவில்லை. தண்ணீர் கட்டும்போதெல்லாம் வாய்க்கால் அதன் ஓரமாகத்தான் போகும். மண்வெட்டியோடு நான் அதைக் கடந்துதான் மற்ற மூன்றுக்கும் போகவேண்டும். ஒவ்வொரு முறையும் அவள் கிணற்றடியில் நின்று, "இண்டைக்குச் சந்தையிலை என்ன விலையாம்?" என்று கேட்பாள். நான் சந்தையில் கேட்டுக்கொண்டு வந்ததைச் சொல்வேன்.

1995, ஆடி மாதம் 9ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை.