அண்ணியின் சொந்தக் குரல்

எங்கள் அண்ணிக்கு ஓர் எறும்பைக்கூட அதட்டத் தெரியாது. ஆனால் ஊர் முழுக்க அவளுக்குப் பெயர் வில்லி. டிவி தொடர்களில் மருமகள்களைப் படாதபாடு படுத்தும் மாமியார் அவள்தான். காய்கறிக் கடைக்காரர் ஒருநாள், "அந்தப் பொண்ணு பாவம்மா, விட்டுடுங்க" என்று கெஞ்சியிருக்கிறார். இவளும் "சரிங்க, இனிமே செய்யமாட்டேன்" என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்து நின்றாள். வில்லியின் லட்சணம் இதுதான்.

பதினேழு வயதில் சினிமாவில் கூட்டத்தோடு கூட்டமாக நிற்கப் போனவள். முதல் முறை தனியாகக் கிடைத்த வேலை, கதாநாயகனுக்குக் கதவைத் திறந்துவிட்டு ஒதுங்கிக்கொள்வது. பிறகு தோழி, அக்கா என்று ஏறி, முப்பது முடிவதற்குள் டிவியில் மாமியாராகிவிட்டாள். "என் மருமக என்னைவிட மூத்தவ" என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். அவளுக்கு அதில் ஒரு வருத்தமும் கிடையாது. கை நிறைய வேலை இருந்தது, வீட்டுக்கு வந்தால் நாங்கள் இருந்தோம்.

குறை ஒன்றே ஒன்றுதான். "இந்தப் பூனைக்குட்டிக் குரல் வில்லிக்கு எடுபடாது" என்று முதல் தொடரிலேயே சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து டப்பிங்கில் அவளுக்காக வேறொரு அம்மா பேசினார். வசனத்தை மனப்பாடம் செய்யும் வேலையும் இல்லை. கேமராவுக்குப் பின்னாலிருந்து உதவி இயக்குநர் ஒவ்வொரு வரியாகப் படிப்பார். அண்ணி அதைக் கேட்டு வாயசைத்துவிட்டு முறைக்க வேண்டும். மருமகளாக நடிப்பவள் பாதி நாள் முன்னமே கிளம்பிப் போயிருப்பாள், சுவரைப் பார்த்துத்தான் முறைப்பு.

ஒருநாள் டிவியில் தன்னையே பார்த்துக்கொண்டிருந்தவள், "என் குரல் எப்படி இருக்கும்னு யாருக்குமே தெரியாதுல்ல?" என்றாள். சும்மா கேட்டமாதிரிதான் கேட்டாள். எனக்குத் தாங்கவில்லை.

நாற்பத்தைந்து வயதில் ஒரு படம் வந்தது. பல வருஷம் கழித்து வீடு திரும்பும் மகனுக்குக் கதவு திறக்கும் அம்மா. மறுபடியும் கதவுதான். ஆனால் இயக்குநரான பெண், "நடிக்கும்போதே குரலையும் பதிவு பண்ணுவோம். உங்க குரல்தான் வேணும்" என்றார்.

"சரியா வரலன்னா?"

"அப்புறம் வேற ஒருத்தரத்தான் பேச வைக்கணும்."

அன்றிலிருந்து அண்ணிக்குத் தூக்கம் போயிற்று. அண்ணன் மருந்துக் கடையில் வேலை பார்க்கிறவன். டாக்டர்களின் கிறுக்கலையே படிக்கிறவன் என்பதால் வசனம் படிக்கும் பொறுப்பைத் தானே எடுத்துக்கொண்டான். அவன் படிக்க, அவள் சொல்ல, நான் "பிரமாதம்" என்று தலையாட்ட, வீடு அமர்க்களப்பட்டது. அவன் படித்தால்தான் அவளுக்கு வருகிறது என்பது எங்கள் மூன்று மண்டைகளுக்கும் உறைக்கவே இல்லை.

நானும் அண்ணனும் கூடப் போயிருந்த படப்பிடிப்பில் உறைத்தது. அண்ணி கதவைத் திறந்தாள். மகனாக நடித்தவர், "எப்படிம்மா இருக்கே?" என்றார். அண்ணி அப்படியே நின்றாள். பழக்கதோஷம், யாராவது படிப்பார்கள் என்று காத்திருக்கிறாள்! திரும்ப எடுத்தார்கள், திரும்பவும் அதே. அடுத்த முறை அண்ணனுக்குப் பொறுக்கவில்லை. "நல்லா இருக்கேன்ப்பா, நீ எப்படி இருக்கே!" என்று கூடமே அதிர எடுத்துக் கொடுத்தான். ஹெட்போன் மாட்டியிருந்த ஒலிப்பதிவாளர் துள்ளி எழுந்தார்.

"யாரு சார் நீங்க?"

"அவங்க புருஷன்."

"வெளியே போய்ப் புருஷனா இருங்க சார்!"

நான் அவனை இழுத்துக்கொண்டு வெளியே வந்தேன். கதவு சாத்தப்பட்டது. இருவரும் அதில் காதை வைத்தோம். "வசனத்தை விடுங்கம்மா. அவர் கேக்கறத மட்டும் கேளுங்க" என்றார் இயக்குநர். அப்புறம் அந்த மகனின் குரல். அப்புறம் ஒன்றுமில்லை. போச்சு என்று நினைத்தேன்.

"இருக்கேன்டா. வாசல்லயே நிக்கறியே, உள்ள வா."

நான் வேலை முடிந்து களைத்து வரும்போது அண்ணி என்னைக் கூப்பிடுகிற அதே குரல்.

"இது வசனத்துலயே இல்லையே!" என்றான் அண்ணன்.

"சும்மா இருண்ணா" என்றேன். அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

படம் வந்ததும் மூன்று பேரும் தியேட்டருக்குப் போனோம். அந்தக் காட்சி வந்தபோது அண்ணி என் கையைப் பிடித்த பிடியில் விரல் வலித்தது. பின்வரிசையில் ஒரு பெண் கிசுகிசுத்தாள். "அந்த வில்லிதானே இது? குரல் வேற யாரோ குடுத்திருக்காங்க பாரு. இவ பேசினா இடி இடிக்குமே!"

பக்கத்திலிருந்தவள், "யாரா இருந்தா என்ன, எங்கம்மா கூப்பிட்ட மாதிரியே இருந்துச்சு" என்றாள்.

அண்ணன் சண்டைக்கு எழுந்தான். அண்ணி அவனைச் சட்டையைப் பிடித்து உட்காரவைத்துவிட்டு, இருட்டில் பின்னால் திரும்பினாள்.

"அது நான்தாங்க."

அந்த இரண்டாவது பெண் முன்னால் குனிந்து, மெதுவாகக் கேட்டாள்.

"இன்னொரு தடவ பேசுங்களேம்மா."